சாம்ராஜ் ஷிப்ட்

ராஜாத்தி ஷிப்ட் மாற்றிக் கேட்கிறாள் என்று மேனேஜர் சொன்னதும் விஜயபாண்டிக்கு வயிறு எரிந்தது. எந்த ஷிப்டுக்கு என்று கேட்க வேண்டியதே இல்லை. சாம்ராஜ் ஷிப்டுக்குத்தான்.

அருப்புக்கோட்டையைத் தாண்டி, திருச்சுழி ரோட்டில் இருக்கும் அந்த நூற்பாலையில் காலை ஷிப்டுக்கு விஜயபாண்டி சூப்பர்வைசர். மதிய ஷிப்டுக்குச் சாம்ராஜ்; வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இரண்டு ஷிப்டும் ஓட்டுவது ஒரே மிஷின்களைத்தான். ஆனால் காலையில் தினமும் நாலைந்து பேர் லீவு. மதியம் ஒருத்தர்கூட மட்டம் போடுவதில்லை. ராஜாத்தி போனால் அவளோடு வேனில் வரும் ரெட்டியபட்டிப் பெண்கள் அத்தனை பேரும் பின்னாலேயே போய்விடுவார்கள். அப்புறம் விஜயபாண்டி யாருக்கு சூப்பர்வைசர்?

அப்படி என்ன சொக்குப்பொடி போடுகிறான்? போன வாரம் விஜயபாண்டி வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், தூணோரம் நின்று வேவு பார்த்தான். சாம்ராஜ் ஒன்றுமே செய்யவில்லை. மிஷின் மிஷினாக நடந்தான். ஒவ்வொருத்தியிடமும் நின்றான். அவர்கள் பேச, இவன் கேட்டுக்கொண்டிருந்தான். இரைச்சலையும் மீறிச் சிரிப்புச் சத்தம் வந்தது. விஜயபாண்டிக்குப் பற்றிக்கொண்டது. மறுநாள் தன் ஆட்களுக்கு உளுந்தவடை வாங்கிக் கொடுத்தான். தின்றார்கள். கை கழுவினார்கள். அவ்வளவுதான்.

சரி, கெடுத்துப் பார்ப்போம்.

மதிய ஷிப்ட் ஆட்களும் அதே ரெட்டியபட்டி வேனில்தான் வருவார்கள். டிரைவர் சின்னத்துரைக்குப் போன் அடித்தான். இன்றைக்கு ரெட்டியபட்டியில் யாருக்காகவும் நிற்காதே, முன்னாடியே கிளம்பி வந்துவிடு, மேனேஜர் உத்தரவு என்று கதை விட்டான். வேன் காலியாக வந்து நின்றது. சங்கு ஊதியது. மதிய ஷிப்டுக்கு ஆள் இல்லை.

மாற்று ஆள் வரும்வரை மிஷினை நிறுத்தாமல் பிடித்துக்கொள்ள வேண்டியது காலை ஷிப்ட். வயிற்றெரிச்சலில் அது அவனுக்கு மறந்தே போயிருந்தது. நில்லுங்கள் என்றான். வேன் போயிரும், வீட்டில் ஆடு கட்டிக் கிடக்கு என்று ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தார்கள். மிஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. ராஜாத்தி மட்டும் அசையவில்லை. தன் மிஷினையும் பக்கத்து மிஷினையும் சேர்த்து ஓட்டினாள்.

அப்போதுதான் கேட்டில் ஷேர் ஆட்டோக்கள் வந்து நின்றன. மடிமேல் மடியாக உட்கார்ந்து, புழுதி பூசி, மதிய ஷிப்ட் வந்து இறங்கியது. வேன் வரவில்லை என்று வீட்டில் படுத்திருக்க வேண்டியவர்கள்.

"அண்ணே, எங்களச் சுமந்ததுக்கு அந்த ஆட்டோவுக்கு நாளைக்கு லீவு விடணும்" என்றாள் முதலில் இறங்கிய சுமதி. கேட்டில் நின்ற சாம்ராஜ் சிரித்தான்.

வேனை யார் முன்னாடியே வரச் சொன்னது என்று மேனேஜர் கேட்டார். சின்னத்துரையின் பார்வை விஜயபாண்டி பக்கம் திரும்பியது. சாம்ராஜ் முந்திக்கொண்டான்.

"விடுங்க சார், ஏதோ நேரம் மாறிப்போச்சு. அதான் வந்துட்டாகள்ல."

திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். இந்தப் பெருந்தன்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

விஜயபாண்டி ராஜாத்தியை ஓரமாகக் கூப்பிட்டான். "அவன்கிட்ட அப்படி என்னத்தக் கண்ட?"

அவள் தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டாள்.

"மிஷின்ல நூலு அத்துக்கிட்டே இருக்குன்னு ஒங்ககிட்டத்தான் மொதல்ல சொன்னேன். ஒன் கை சரியில்லன்னீக. அதே மிஷின மதியம் ஓட்டுற சுமதி அவுககிட்டச் சொன்னா. மறுநாளே உருளைய மாத்த வச்சாக. அந்த மிஷின் நல்லா ஓடுதுன்னுதான் போன மாசம் மேனேஜர் ஒங்களப் பாராட்டுனாரு."

அந்தப் பாராட்டை வீட்டில் சொல்லி, கோழிக்குழம்பு வைக்கச் சொன்னது அவனுக்கு ஞாபகம் வந்தது. அதுவும் சாம்ராஜ் கொடுத்ததுதானா? பொறாமை குறையவில்லை, கூடியது. ஆனால் இனி அவளைப் பிடித்து நிறுத்த முடியாது. மேனேஜரிடம் போய், ராஜாத்தியை மாற்றிவிடுங்கள் என்றான்.

அடுத்த நாள் அவள் இடத்தில் சுபத்ரா என்ற புதுப்பெண். விஜயபாண்டி அவளருகே போய் நின்றான், சாம்ராஜ் நிற்பதுபோலவே.

"மிஷின் எப்படிம்மா ஓடுது?"

அவள் மிஷினை மறைத்துக்கொண்டு நின்றாள். "நல்லா ஓடுது சார்."

அவளுக்குப் பின்னால் இரண்டு நூல் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"திட்ட மாட்டேன். சொல்லு."

சுபத்ரா வாயெடுத்தாள். பிறகு பக்கத்து மிஷின்காரியைத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்துக்காரி, வேண்டாம் என்று தலையசைத்தாள்.