முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று

மேடவாக்கம் 'நீலாம்பரி' அடுக்ககத்தில் அறுபது வீடு, நாலு பிளாக், ஒரே ஒரு சங்கம். சங்கத்து விதிப்புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் இருக்கும்: 'இச்சங்கத்தில் கட்சி, அணி, குழு எதுவும் கூடாது.' எழுதியவர் ஓய்வுபெற்ற ஆடிட்டர் சத்யநாராயணன். பதினோரு வருஷமாகத் தலைவரும் அவரே. கட்சி கூடாது என்ற விதியைக் காப்பாற்றுவதற்காகவே இருபத்தேழு வீடு ஒரே கட்சியாக அவர் பின்னால் நின்றது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கு வாட்ச்மேன் முதல் அயர்ன்காரர் வரை வைத்திருந்த பெயர் டேங்கர் கட்சி. காலையில் லாரி வந்தால்தான் பல் துலக்க முடியும், லாரி என்றைக்கும் ஏமாற்றாது என்பது அதன் கொள்கை. மழைநீர்க் கிணறு வெட்டி லாரியைப் பாதியாகக் குறைப்போம் என்றது எதிர்ப்பக்கம். அது கிணற்றுக் கட்சி. அதன் தலைவி சி பிளாக் அனுப்பிரியா. காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் அரசியல் பாடம் எடுக்கிறவள். அந்தக் கிணற்றுக்காக மூன்று கோடை அவள் வீடு வீடாகப் படி ஏறினாள். இந்த முறை தலைவர் ஆகாவிட்டால் நாலாவது கோடையும் லாரிதான், பிறகு எவரும் கிணறு என்ற பேச்சையே எடுக்கமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

தேர்தல் முறையையும் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கு இரண்டு ஓட்டு. இரண்டையும் ஒரே ஆளுக்குப் போட முடியாது. அதிக ஓட்டு வாங்கியவர் தலைவர், அடுத்தவர் செயலாளர். கட்சி இல்லாத ஊருக்கு அருமையான விதி.

அனுப்பிரியா தலைவர், குமரேசன் செயலாளர் என்று கிணற்றுக் கட்சி பேசி வைத்தது. குமரேசன் ஊர்க்காரர். அடுக்ககம் நிற்பதே அவர் அப்பா பயிர் வைத்த நிலத்தில்தான். நிலத்துக்குப் பதிலாகக் கொடுத்த வீட்டில் குடும்பத்தோடு இருக்கிறார். தேர்தலுக்கு முந்தின நாள் அனுப்பிரியா வாட்ஸ்ஆப்பில் எழுதினாள்: 'ரெண்டு ஓட்டும் நம்ம ரெண்டு பேருக்கே. ஒண்ணுகூடச் சிதறக் கூடாது.'

ஒன்றுகூடச் சிதறவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, பூட்டிக் கிடந்த இரண்டு வீடு போக மீதியை எண்ணி முடித்தபோது அனுப்பிரியா முப்பத்தொன்று, குமரேசன் முப்பத்தொன்று. சத்யநாராயணன் இருபத்தேழு, அவர் அணியின் காமு இருபத்தாறு. ஒரே ஒரு வீட்டைக் காமுவுக்குப் போட வேண்டாம் என்று ஆடிட்டர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். ஆடிட்டர் மூளை.

அனுப்பிரியாவுக்குக் காது சிவந்தது. ஆயிரத்து எண்ணூறாம் வருஷம் அமெரிக்காவில் நடந்ததும் அச்சு அசல் இதுவே. அங்கேயும் நாட்டை அமைத்தவர்கள் கட்சியே கூடாது என்று நம்பி, ஆளுக்கு இரண்டு ஓட்டு விதியை எழுதினார்கள். பத்து வருஷத்துக்குள் இரண்டு கட்சி முளைத்தது. ஜெஃபர்சனைத் தலைவராகவும் பர்ரைத் துணைத் தலைவராகவும் நினைத்து, ஒரு கட்சி கட்டுக்கோப்பாக ஓட்டுப் போட்டு, இருவரையும் எழுபத்து மூன்றில் சமமாக நிறுத்தியது. முடிவு எதிராளிகள் கைக்குப் போனது. அவள் இதை ஒன்பது வருஷமாக ஒவ்வொரு ஆகஸ்டிலும் பாடம் நடத்துகிறாள். கடைசி பெஞ்சு தூங்கும். இந்த முறை வாத்தியாரம்மாவே தூங்கிவிட்டாள்.

"இதுல என்ன இருக்கு, குமரேசன் அண்ணா?" என்றாள் சிரித்த மாதிரி. "நீங்க செயலாளர்னுதானே பேசினோம். விட்டுக் கொடுத்துட்டேன்னு எழுதிக் குடுங்க."

குமரேசன் மீசையைத் தடவினார். "நான் இன்னா மேடம் கேட்டேன்? ஜனம் போட்டுகீது. எங்க நெலத்துல கட்டின பில்டிங்கு. பதினோரு வருசத்துல ஒரு தபாகூட என்ன முன்னால ஒக்கார வச்சதில்ல. இப்ப நீயே எழுந்துக்கோன்னா எப்டி?"

அவர் சொன்னதில் பொய் இல்லையே.

சமமானால் பழைய செயற்குழு முடிவு செய்யும் என்பது விதி. குழுவில் ஏழு பேர். மூன்று பேர் கிணறு. மீதி நாலு பேர் டேங்கர், சத்யநாராயணனையும் சேர்த்து. ஜெயிக்க நாலு வேண்டும். காமு மாடிப்படிக்கு அடியில் குமரேசனைப் பிடித்தாள்.

"சார், உங்களுக்கே போட்டுடறோம். லாரியை மட்டும் நிறுத்தாதீங்க."

குமரேசன் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "பாத்துக்கலாம் மேடம்" என்றார். இரும்புலியூரிலிருந்து சி பிளாக் மகள் வீட்டுக்கு வந்திருந்த தாயாரம்மாள் மேல்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தகவல் பத்து நிமிஷத்தில் சி பிளாக் வந்துவிட்டது.

குழு கம்யூனிட்டி ஹாலில் கூடியது. முதல் சுற்று, மூன்றுக்கு மூன்று. சத்யநாராயணன் சீட்டை எழுதாமல் மடித்துப் போட்டார். இரண்டாவது சுற்றும் அதேதான். டீ வந்தது. மூன்றாவதும் அதே. வாசலில் அனுப்பிரியா நகத்தைக் கடித்தாள். அமெரிக்காவில் முப்பத்தாறு சுற்று போனது என்பது அந்த நேரத்திலா ஞாபகம் வர வேண்டும்.

"என்ன சார் யோசனை?" என்று காமு உள்ளே கேட்டது வெளியே நன்றாகவே கேட்டது. "மூணு வருஷமா உங்களை நோட்டீஸ் போர்டுல கிழிச்சவ அவ."

"ஆமா. ஒரே காரணத்துக்காகக் கிழிச்சா" என்றார் சத்யநாராயணன். "அவ கிணறு வெட்டுவா. அது எனக்குத் தெரியும், நான் எதிர்த்து நிக்கலாம். குமரேசன் அவங்ககிட்ட கிணறுன்னார், உங்ககிட்ட பாத்துக்கலாம்னார். நாளைக்கு நான் எதை எதிர்க்கறது? எதிர்க்கட்சிக்கும் ஒரு இடம் வேணுமே, காமு."

"கட்சியா?"

"வாய் தவறிடுத்து. அடுத்த சுற்று எடுங்க."

நாலாவது சுற்றில் அனுப்பிரியாவுக்கு நாலு.

குமரேசன் எழுந்து போய்விடுவார் என்று பாதி அடுக்ககம் பால்கனியில் நின்று காத்திருந்தது. அவர் போகவில்லை. அனுப்பிரியா தனக்குப் பக்கத்து நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு, "அண்ணா, முன்னால உக்காருங்க" என்றாள். ஒரு நிமிஷம் நாற்காலியையே பார்த்துவிட்டு உட்கார்ந்தார். மோட்டார் ரூம் சாவி, ரசீதுக் கட்டு, லெட்டர்பேட் எல்லாம் சத்யநாராயணன் மேஜையில் வரிசையாக வைத்தார். பதினோரு வருஷத்தில் அந்தச் சாவி கை மாறுவதை அன்றைக்குத்தான் எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் கத்தவில்லை, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றுகூட உடையவில்லை. சிலருக்கு ஏமாற்றம்தான்.

முதல் கூட்டத்தில் அனுப்பிரியா முதல் தீர்மானம் கொண்டுவந்தாள். இனி தலைவருக்கு ஒரு சீட்டு, செயலாளருக்குத் தனிச் சீட்டு, விரும்பினால் அணியின் பெயரையும் சீட்டில் போடலாம். அமெரிக்காக்காரர்கள் சட்டத்தைத் திருத்த நாலு வருஷம் எடுத்துக்கொண்டார்கள். நீலாம்பரி நாலு வாரத்தில் முடித்தது. சத்யநாராயணன் இருபது நிமிஷம் எதிர்த்துப் பேசித் தோற்று, திருப்தியாக உட்கார்ந்தார்.

அடுத்தது கிணறு. எதிர் வரிசையில் பத்துப் பேரை உட்கார வைத்துக்கொண்டு, மடித்த தாளைப் பிரித்தார் அவர். மொத்தம் பதினோரு கேள்வி. முதல் இரண்டுக்கும் அனுப்பிரியா பளிச்சென்று பதில் சொன்னாள்.

"மூணாவது. கழிவுநீர்த் தொட்டியிலிருந்து கிணறு எத்தனை அடி?"

அவள் வரைபடத்தைப் பார்த்தாள். மூன்று கோடையில் எல்லாவற்றையும் கணக்குப் போட்டிருந்தாள். அதை மட்டும் அளக்கவில்லை.

"தெரியல சார்."

ஹாலில் லேசாகச் சிரிப்பு கிளம்பியது. சத்யநாராயணன் சிரிக்கவில்லை.

"அப்போ அளந்துடலாமே" என்றார்.

"ரொம்பக் கிட்ட கீது மேடம்" என்றார் செயலாளர் குமரேசன். "கிழக்கால நாலு தென்னை தள்ளிப் போனா சரியா வரும். அங்க மழத்தண்ணி தானா வந்து நிக்கும், நான் பாத்துகீறேன்."

கூட்டம் அப்படியே எழுந்து வெளியே போனது. டேப்பின் ஒரு முனையைக் குமரேசன் தென்னை அடியில் பிடித்தார். மறுமுனையைப் பிடித்தபடி சத்யநாராயணன் தொட்டி மூடி வரை நடந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எண்ணைப் படித்தார். அனுப்பிரியா எழுதிக்கொண்டாள்.

"நாலாவது கேள்வி" என்றார் அவர்.