அத்தானின் கணினியில் ஒண்டுக்குடித்தனம்

வேகமான மென்பொருள் எழுதுவதில் அத்தான் பெரிய புள்ளி என்று அத்தானே சொல்லிக்கொள்வார். தன் பெரிய கணினியின் ஒரு பங்கைத் தனிக் கணினிபோல் இயங்கும் மெய்நிகர் கணினியாக ஒதுக்கி, மச்சினியை அதில் ஒண்டுக்குடித்தனம் வைத்திருந்தார். மாலைக்குள் அவள் தன் நிரலையும் அது ஓடிய நேரத்தையும் ஒரு கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். பத்து விநாடியைத் தாண்டினால் வேலை கிடையாது. நிரலோ அரை நிமிடம் முக்கி முனகியது.

"உன் கோட்லதான் கோளாறு. நல்லா அலசிப் பாரு," என்றார் அத்தான், கதவில் சாய்ந்தபடி.

அலசினாள். நேரம் எங்கே போகிறது என்று காட்டும் ப்ரொஃபைலர், ஒவ்வொரு முறையும் வேறொரு பகுதியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. சாதாரணக் கூட்டல் கணக்குகூட மாட்டிக்கொண்டது. சந்தேகம் வந்து, தனக்குச் சேர வேண்டிய ப்ராசசர் நேரத்தை வெளியே யாராவது எடுக்கிறார்களா என்று பார்த்தாள். முக்கால்வாசி பறிபோயிருந்தது.

"அத்தான், உங்க பக்கம் என்ன ஓடுது?"

"ஒண்ணுமில்லையே. என் சொற்பொழிவு வீடியோ தயாராகுது, அவ்வளவுதான்."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி, அவளுடைய அக்கா, போய் அவர் திரையை எட்டிப் பார்த்தாள். 'நொடியில் ஓடும் நிரல்கள்' என்று தலைப்பு மின்னியது. அதன் கீழே, 'முடிய இன்னும் ஆறு மணி நேரம்'.

"வேகத்தைப் பத்திப் பேசினதுக்கே இவ்வளவு நேரமாங்க?" என்று கேட்டுக்கொண்டே அதை நிறுத்தினாள்.

நிரல் எட்டு விநாடியில் ஓடி முடிந்தது. மச்சினி ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் அனுப்பிவைத்தாள்.

"பாத்தியா, அலசச் சொன்னது யாரு?" என்றார் அத்தான்.

"நீங்கதான் அத்தான். அக்கா, அந்த வீடியோவை மறுபடி ஓட விடு, பாவம்."