தாய்மாமனுக்கு ஓர் எண்

மஸ்கட்டிலிருந்து இணையத்தின் வி.பி.என். சுரங்கம் வழியாக நடந்துவந்த தாய்மாமன் சிவனணைந்தான், கோவில்பட்டியில் அக்காள் வீட்டு ரவுட்டருக்கு வெளியே காலை எட்டு மணியிலிருந்து நின்றுகொண்டிருந்தான். விடுப்புக் கிடைக்காதவர்கள் அப்படித்தான் வருவது வழக்கம்.

நல்ல நேரம் பத்தரைக்கு முடிகிறது. குழந்தை யாழினி தாய்மாமன் மடியில் உட்கார்ந்தால்தான் காது குத்த முடியும். பத்தர் ஊசியைத் துடைத்தார். சற்றுப் பொறுத்து மறுபடியும் துடைத்தார்.

அக்காள் செண்பகவல்லி ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து உள்ளே இறங்கினாள். நீண்ட நடைகூடம். அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சம் கதவுகள், அனைத்தும் பூட்டியிருந்தன. 1194ஆம் கதவருகே காவலர் ஒருவர் மப்ளர் கட்டி அமர்ந்திருந்தார்.

“யக்கா, கால் வலிக்கி. தொறக்கச் சொல்லு” என்றது கதவுக்கு அப்பால் தம்பியின் குரல்.

“தொறந்துரலாம்” என்றார் காவலர். “உள்ள வந்து எந்த நம்பர்ல நிப்பாரு?”

“ஒரு நம்பர் குடுங்களேன், அண்ணாச்சி.”

காவலர் பதிவேட்டைப் புரட்டினார். வீட்டுக்குப் பத்து எண்கள். ஆளுக்கும் கருவிக்கும் ஒவ்வொன்றாகப் பத்தும் வழங்கப்பட்டிருந்தன.

“டிவியோடதக் குடுங்க.”

“டிவி சம்மதிக்கணும். கேட்டேன். சீரியல் முடியட்டும்னுட்டு.”

“யக்கா, நான் திரும்பிப் போயிரவா?”

“வாய மூடுலே!” என்ற செண்பகவல்லி காவலரிடம் திரும்பினாள். “என் நம்பர அவனுக்குப் போடுங்க.”

“அப்ப நீங்க?”

“நான் எங்க போவப்போறேன்? வீட்லதான இருக்கேன்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாக” என்று காவலர் எழுதிக்கொண்டார்.

கதவு திறந்தது. தம்பி உள்ளே போனான். கதவு சாத்தப்பட்டபோது செண்பகவல்லி வெளியே நின்றாள். அங்கே மஸ்கட் வெயில் அடித்தது.

அவள் கதவில் காதை வைத்தாள். வீட்டுக்குள் மாமியாரின் குரல் தெளிவாகக் கேட்டது.

“செம்பகம், ஒந் தம்பி இன்னும் வரலயாட்டி?”

“வந்துக்கிட்டு இருக்கான், அத்த” என்றான் சிவனணைந்தான்.

பத்தர் ஊசியை உறையில் போடும் ஓசை கேட்டது. மணி பத்து இருபது. நடைகூடத்தில் தம்பி ஓடிவந்தான்.

“அண்ணாச்சி, என் தம்பி வெளிய நிக்கான். ஒரு நம்பர் குடுங்களேன்.”

காவலர் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டத் தொடங்கினார்.

செண்பகவல்லி கதவைத் தட்டினாள்.

“யக்கா” என்றாள். “கால் வலிக்கி.”