உள்பக்கம் திறக்கும் கதவு

மேடையில் என்னைப் பாராட்டிப் பேசிக்கொண்டிருந்தபோது நான் அந்த மேடைக்குப் பின்னால் கழிப்பறைத் தரையில் கிடந்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். வேறு யாராவது கிடந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

எனக்கு எழுபத்தொரு வயது. நாற்பத்தாறு வருடமாகக் கட்டடங்களுக்கு வரைபடம் போட்டு வருகிறேன். இந்த அரங்கமும் நான் கட்டியதுதான், அதனால்தான் விழாவை இங்கே வைத்தார்கள். தொடங்கக் கால் மணி நேரம் இருந்ததால் முகம் கழுவப் போனேன். தாழ்ப்பாளை நீக்கிய பிறகுதான் மூக்குக்கண்ணாடியைத் தொட்டிமேல் வைத்தது ஞாபகம் வந்தது. திரும்பினேன், ஈரத் தரை வாரிவிட்டது. முதுகு கதவில் அழுந்த, கால்கள் எதிர்ச்சுவரில் முட்டிக்கொண்டன. இடுப்பு ஒரு நூல் அசைந்தாலும் உயிர் போனது. கைபேசியோ ஒப்பனை அறை நாற்காலியில் என் கைப்பைக்குள் சொகுசாக இருந்தது.

கதவு பூட்டியிருந்தால்கூட மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். திறந்துதான் இருந்தது. ஆனால் உள்பக்கம் திறக்கிற கதவு, அது திறக்க வேண்டிய இடத்தில் நான் கிடந்தேன்.

அப்படி வரைந்ததும் நான்தான். வெளியே நடைவழி நாலடி அகலம். அதில் கதவு நீட்டிக்கொண்டு நின்றால் போகிறவர் வருகிறவர்மேல் இடிக்கும், பார்க்கவும் அசிங்கம். வெளிச்சுவர் வெறுமையாக இருக்க வேண்டும் என்று அடம்பிடித்து ஜன்னலையும் ஒழித்தேன். மேலே ஒரு சாண் காற்றுத் துளை, அவ்வளவுதான். கத்திப் பார்த்தேன். பின்னறைச் சத்தம் அரங்கத்துக்குக் கேட்காதபடி சுவர் எழுப்பியதற்கு எனக்கு ஒரு காலத்தில் பரிசே கொடுத்திருக்கிறார்கள்.

மேடைப் பேச்சு மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது. நடிகர்கள் தங்கள் முறையைத் தவறவிடக் கூடாது என்று எல்லாப் பின்னறைகளிலும் கூரையில் ஒலிபெருக்கி வைத்திருந்தேன்.

நெட்டை பேசினான், உயரத்துக்காக நான் வைத்த பெயர். இருபத்திரண்டு வயதில் என்னிடம் தொழில் கற்க வந்தவன், இன்று நகராட்சியின் தலைமைக் கட்டடக்கலைஞன். என்னிடம் படித்தவர்கள் அறுபது பேர் என்று கணக்குச் சொன்னான். நகராட்சிக்கு நான் சம்பளம் வாங்காமல் எழுதிக் கொடுத்த கட்டட விதிப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினான் போலிருக்கிறது, கைதட்டினார்கள். நகரத்தின் பள்ளிகள், மருத்துவமனைகள் எல்லாம், கழிப்பறைக் கதவுகள் உட்பட, அந்தப் புத்தகத்தின்படிதான் கட்டப்பட்டன.

"ஒரு தடவை ஒரு கதவைத் திருப்பி வைக்கலாமான்னு மேடம்கிட்ட கேட்டேன். கதவுக்காக மனுஷன் ஒதுங்கணுமா, மனுஷனுக்காகக் கதவு ஒதுங்கணுமான்னு ஒரே கேள்விதான் கேட்டாங்க. நான் வாயை மூடிக்கிட்டேன்."

அரங்கம் சிரித்தது. எந்தக் கதவு என்று அவன் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

பதினொரு வருடத்துக்கு முன் நகர மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்த்த அம்மா ஒருத்தி கழிப்பறையில் மயங்கிக் கதவுமேலேயே விழுந்துவிட்டாள். கதவை உடைத்து எடுக்க இரண்டரை மணி நேரம் ஆனது. கதவு வெளிப்பக்கம் திறக்கிறதாக இருந்திருந்தால் அம்மா பிழைத்திருப்பாள் என்று அவள் மகன் நகராட்சிக்குக் கடிதம் எழுதினான். அப்போதே நகராட்சியில் இருந்த நெட்டை அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். நான் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால், 'நடைவழி அகலம் போதாது. மாற்றம் தேவையில்லை' என்று எழுதினேன். கூடவே, கண்டவன் கடிதத்துக்கெல்லாம் விதியை மாற்றுவதா என்று நெட்டையை எல்லார் முன்னாலும் காய்ச்சி எடுத்தேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் நன்றாகவே வந்தது. இப்போது அதை நினைத்தால்தான் கூசுகிறது.

என்னை மேடைக்கு அழைத்தார்கள். கைதட்டல் எழுந்து, ஓய்ந்து, மறுபடி எழுந்து, அப்புறம் முணுமுணுப்பாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் நடைவழியில் காலடி கேட்டது. கதவை யாரோ தள்ள, அது என் முதுகில் இடித்தது. நான் அலறினேன்.

"மேடம், கொஞ்சம் நகர்ந்துக்குங்க." நெட்டைதான்.

"நகர முடிஞ்சா நான் ஏண்டா இங்க கிடக்கறேன்?"

கீல்களைக் கழற்றலாமா என்று அவனோடு வந்தவர்கள் கேட்டார்கள். உள்பக்கம் திறக்கும் கதவுக்குக் கீல் ஆணிகளும் உள்பக்கம்தான் இருக்கும் என்று அவனே பதில் சொன்னான். பாடம் மறக்கவில்லை. ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, அரங்கத் தச்சரை அழைத்து மேல்பாதியை அறுக்கச் சொன்னான். தச்சர் ரம்பத்தை வைத்துப் பார்த்துவிட்டு, கெட்டி மரம், அரை மணிக்கு மேல் ஆகும் என்றார். நல்ல மரமாகப் போடச் சொன்னதும் நான்தான்.

மரத்தூள் என் தலையில் கொட்டியது. மூச்சு முட்டியது. இரண்டரை மணி நேரம் என்பது எவ்வளவு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ரம்பத்தை நிறுத்தச் சொன்னேன்.

"நெட்டை, அந்தக் கடிதம் எங்க இருக்கு?"

எந்தக் கடிதம் என்று அவன் கேட்கவில்லை.

"என் மேசை டிராயர்ல இருக்கு மேடம். தூக்கிப் போட மனசு வரல."

"பதினொரு வருஷமாவா?"

"நீங்க திட்டினதுக்கு அப்புறம் மறுபடி எடுத்துட்டு வர பயமா இருந்துச்சு."

என்னிடம் படித்த அறுபது பேருக்கும் நான் சொல்லிக் கொடுத்தது அந்தப் பயத்தைத்தான் போலும். அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இடமில்லை. மேடைக்குப் போய் அந்தக் கதவுக் கதையை முழுசாகச் சொல்லு என்றேன். அவன் தயங்கினான். உங்கள் விழா, பத்திரிகைக்காரர்கள் இருக்கிறார்கள், நாளைக்கு நிதானமாக ஒரு சுற்றறிக்கை விடலாம் என்று இழுத்தான்.

"நாளைக்கு நானே மாத்திப் பேசுவேன், என்னை நம்பாத. இப்பவே போய்ச் சொல்லு. நான் எழுதின ரெண்டு வரியையும் சேர்த்துச் சொல்லு."

அவன் போனான். தச்சர் ரம்பத்தை எடுக்கவில்லை, அவரும் கேட்டுக்கொண்டு நின்றிருக்க வேண்டும். கூரையில் நெட்டையின் குரல் வந்தது. அந்த அம்மாவின் பெயர், வயது, விழுந்த நேரம், வெளியே எடுத்த நேரம் எல்லாம் சொன்னான். ஒன்றுகூட அவனுக்கு மறக்கவில்லை. பிறகு என் இரண்டு வரிகளைச் சொன்னான்.

"மேடம் இப்போ அதே மாதிரி ஒரு கதவுக்குப் பின்னாடிதான் விழுந்து கிடக்கறாங்க. இதைச் சொல்லச் சொன்னதே அவங்கதான்" என்று முடித்தான்.

தச்சர் மறுபடி அறுக்கத் தொடங்கினார். எனக்காவது தலைக்குமேல் ஒரு குரல் இருந்தது. அந்த அம்மா கிடந்த கழிப்பறையில் நான் ஒலிபெருக்கி வைக்கவில்லை.