குழாய்த் தெருவிலிருந்து ஒரு நேயர்

முதல் "ஹலோ"விலேயே அது அண்ணன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து பேசினான். பின்னால் யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"பாப்பா எப்படி இருக்கா?"

"கண்ணெல்லாம் மஞ்சள். கூப்பிட்டா முழிக்கவே மாட்டேங்கறா. பக்கத்து வீட்டுப் பையன் போயிட்டான், தெரியுமா? இப்பத்தான்." அண்ணன் நிறுத்தி மூச்சு விட்டான். "அமைச்சர் வந்துட்டாரா? என்னைப் பேச விடு. ரெண்டே வார்த்தை. திட்ட மாட்டேன், மரியாதையாவே கேக்கறேன்."

"இரு அண்ணா."

அந்த 'இரு'தான் அவளுடைய உத்தியோகம். அரசு வானொலியில் வாராவாரம் நேரடியாக ஒலிபரப்பாகும் 'அமைச்சரிடம் கேளுங்கள்' நிகழ்ச்சிக்கு வரும் அழைப்புகளை எடுப்பாள். யார், எந்த ஊர், என்ன கேள்வி என்று அன்பாக விசாரிப்பாள். "லைன்லயே இருங்க" என்பாள். அவர்களும் நம்பி இருப்பார்கள். நிகழ்ச்சி முடிந்து செய்தி தொடங்கிய பிறகுதான் பலருக்கு விஷயம் புரியும். ஒலிபரப்பில் பேசும் நேயர்கள் பக்கத்து அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். நாடகப் பிரிவைச் சேர்ந்த அவர்களில் முக்கியமானவரை எல்லோரும் பத்துக்குரல் என்பார்கள். விவசாயி, ஓய்வுபெற்ற ஆசிரியர், புதிதாகக் கல்யாணமானவன், தொண்டை கட்டிய கிழவர் என யார் வேண்டுமானாலும் அவரிடம் கிடைப்பார்கள்.

ஒலிபரப்பு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அமைச்சர் உட்கார்ந்திருந்தார். கூட வந்தவர்கள் அவர் குடிப்பதற்கென்று தனியாக ஒரு பெட்டி தண்ணீர் கொண்டுவந்திருந்தார்கள். அவர் குடிநீர் அமைச்சர்.

இயக்குநர் அந்தப் பக்கமாக வந்தபோது அவள் எழுந்து நின்றாள். "சார், மூணாவது லைன்ல உண்மையான நேயர் ஒருத்தர் இருக்காரு."

"உண்மையான நேயரா?" இயக்குநர் அவளை வருத்தத்தோடு பார்த்தார். "ஏம்மா, இத்தனை வருஷமா இங்க இருக்கீங்க. உங்க வாயிலேந்து இப்படி ஒரு வார்த்தை வரலாமா?"

"என் அண்ணன் சார். குழாய்த் தெரு. தண்ணில சாக்கடை கலந்து தெரு முழுக்கக் காமாலை. அவர் பொண்ணு ஆஸ்பத்திரில கிடக்கா."

"சொந்த அண்ணனா? அப்ப இன்னும் மோசம். சொந்தக்காரங்களுக்குச் சலுகை காட்டினதா ஆயிடும்." தோளைத் தட்டுவதுபோல் கையைக் கொண்டுவந்து, பிறகு எடுத்துக்கொண்டார். "குழாய்த் தெரு நம்ம நிகழ்ச்சியில ஏற்கெனவே இருக்கும்மா. கவலைப்படாதீங்க."

அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்பதற்குள் நேரடி ஒலிபரப்பின் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது.

முதல் நேயராகப் பத்துக்குரல் வந்தார். கிழவர் குரல். பக்கத்து அறைக் கதவு திறந்திருந்ததால் அவளுக்கு ஆளே தெரிந்தார். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒலிவாங்கிக்கு முன்னால் உண்மையிலேயே முதுகைக் கூனிக்கொண்டிருந்தார்.

"வணக்கம் ஐயா. நான் குழாய்த் தெருவுலேந்து பேசறேனுங்க. முன்னெல்லாம் தண்ணி கொஞ்சம் கலங்கலா வரும். இப்ப பளிங்கு மாதிரி கொட்டுதுங்க. கண்ணுல ஒத்திக்கலாம். பேரப்பிள்ளைங்க அப்படியே குழாய்ல வாய வச்சுக் குடிக்குதுங்க."

லைனில் காத்திருப்பவர்களுக்கும் நிகழ்ச்சி கேட்கும். அவளுடைய காதுக்குள் அண்ணன் சொன்னான். "யாரு இது?"

அவள் காதுக்கருவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க தெருவுல இப்படி ஒரு பெரியவரே கிடையாதே. தெருவே கையகலம், அத்தனை பேரையும் எனக்குத் தெரியும். ஏய், யாரு அந்த ஆளு? எந்தப் பேரப்பிள்ளை குழாய்ல வாய வச்சுக் குடிக்குது?" அவன் குரல் உடைந்தது. "இங்க ஒரு புள்ளைய துணி போட்டு மூடி வச்சிருக்காங்கடி."

காதுகள் அவளுக்குச் சுட்டன. எத்தனை பேரை இப்படி இருக்கச் சொல்லியிருப்பாள். ரேஷன் அட்டை கேட்டவர்கள், ஓய்வூதியம் கேட்டவர்கள், காணாமல் போன மகனைக் கேட்டவர்கள். "சரிம்மா, நான் இருக்கேன்" என்று சொன்ன அத்தனை குரல்களுக்கும் அவள் நன்றி சொல்லியிருக்கிறாள். தன் குரலின் அந்தக் குழைவை நினைக்கையில் அவளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

பத்துக்குரல் கும்பிட்டு முடித்தார். "அடுத்த நேயர்" என்றார் தொகுப்பாளர். மூன்றாவது லைனை ஒலிபரப்பில் இணைக்கும் பொத்தானை அவள் அழுத்தினாள்.

"பேசு அண்ணா. மரியாதையெல்லாம் வேண்டாம்."

"வணக்கம் ஐயா, நான் குழாய்த் தெருவுலேந்து பேசறேன்." நாடு முழுக்க ஒலித்தது அண்ணனின் குரல். மரியாதையோடுதான் தொடங்கினான், பாவம். "இப்ப பேசினவர் யாருன்னு எனக்குத் தெரியாது. எங்க தண்ணி நாறுது ஐயா. மாசக்கணக்கா நாறுது. உங்க ஆபீசுக்கு வந்தோம், வாட்ச்மேனைத் தாண்டி விடல. என் பொண்ணு இங்க நினைவில்லாம கிடக்கா. பக்கத்து வீட்டுப் பையன் செத்துட்டான். நீங்க ஆறுதல் சொல்ல வர வேணாம். எங்க குழாய்ல பிடிச்ச தண்ணி ஒரு டம்ளர் குடிங்க. ஒரே ஒரு டம்ளர். குடிப்பீங்களா?"

தொகுப்பாளரின் வாய் திறந்தபடியே இருந்தது. இயக்குநர் தாழ்வாரத்தின் மறுகோடியிலிருந்து ஓடிவந்துகொண்டிருந்தார். அமைச்சரோ உதவியாளர் நீட்டிய கைபேசியில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அமைதியானதும் தன் முறை வந்துவிட்டது என்று நிமிர்ந்து, முன்னால் இருந்த தாளைப் புரட்டினார்.

"மிக்க மகிழ்ச்சி. தங்கள் பாராட்டு எனக்குரியதல்ல, இந்த அரசுக்கே உரியது. தங்கள் குடும்பத்தினர் அனைவருக்கும் என் அன்பைத் தெரிவியுங்கள்."

"என்னது?" என்றான் அண்ணன்.

அதற்குள் இயக்குநர் பாய்ந்து இணைப்பைப் பிடுங்கிவிட்டார். வீணை ஒலிக்கத் தொடங்கியது.

அவர் கத்தவில்லை. கத்தினால் அமைச்சருக்குக் கேட்டுவிடும். "கைப்பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பும்மா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "இனிமே இந்தப் பக்கம் வராத." மரியாதை விகுதி போய்விட்டதை அவள் கவனித்தாள். அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

வாசல்வரை பத்துக்குரல் கூடவே வந்தார். செருப்பை மறந்திருந்தார். "ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா நான் வேற தெருவைச் சொல்லியிருப்பேனேம்மா."

"எந்தத் தெருவைச் சொல்லியிருப்பீங்க?"

அவரிடம் இருந்த பத்துக் குரலில் ஒன்றுகூட வரவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் மறு ஒலிபரப்பைக் கேட்டார்கள். காவலாளியின் ஸ்டூலில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அண்ணி உள்ளே மகளின் கட்டிலோரம் இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர், அந்தப் பையனின் அப்பா, மகனின் உடலைப் பெற்றுக்கொள்வதற்காக எதிர் பெஞ்சில் காத்திருந்தார். ரேடியோவில் கிழவர் வந்தார், பளிங்குத் தண்ணீரைப் புகழ்ந்தார். அடுத்து அண்ணனின் குரல் வந்தது.

"வணக்கம் ஐயா, நான் குழாய்த் தெருவுலேந்து பேசறேன்."

"மிக்க மகிழ்ச்சி. தங்கள் பாராட்டு எனக்குரியதல்ல…"

வெட்டிய இடமே தெரியவில்லை. நடுவில் ஒரு மூச்சைக்கூட விட்டுவைத்திருந்தார்கள். கேட்கிறவர்களுக்கு இயல்பாக இருக்கட்டும் என்று.

எதிர் பெஞ்சில் இருந்தவர் தலையைத் தூக்கினார். "நீயா பேசின?"

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"அவன் கேட்டதை வெட்டி எடுத்துட்டாங்க" என்றாள் அவள். "நான் அங்கதான் இருந்தேன். உங்க பையனைப் பத்தியும் சொன்னான். சத்தியமா சொன்னான்."

"குரல் அவனோடதுதானே?" என்று கேட்டுவிட்டு அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அண்ணன் எழுந்துபோய் அந்த ரேடியோவைத் தூக்கித் தரையில் அடித்தான். உடைந்த பிறகும் அது கொஞ்ச நேரம் பேசியது. அவள் குனிந்து பேட்டரியை உருவினாள். "ஒடச்சது போதும். வீட்டுல இருக்கற குடம் அத்தனையும் எடுத்து வை" என்றாள். "காலைல குழாய்ல தண்ணி வந்ததும் பிடிக்கணும்."

மறுநாள் காலையில் பாப்பா கண் திறந்து தண்ணீர் கேட்டாள் என்று அண்ணி போனில் சொன்னபோது, அவர்கள் வானொலி நிலையத்தின் வாசலில் நின்றிருந்தார்கள். அண்ணனின் இடுப்பில் ஒரு குடம், அவளுடைய இடுப்பில் ஒரு குடம். பின்னால் குடங்களோடு தெருவே நின்றது.

"கூட்டம் கூடக் கூடாது மேடம்" என்றான் வாட்ச்மேன்.

"கூட்டம் இல்ல. ஒவ்வொருத்தரா வர்றோம்."

வரவேற்பறையின் வழவழப்பான தரையில் அவள் குடத்தை இறக்கினாள். அண்ணன் அதை ஒட்டித் தன்னுடையதை வைத்தான். நாற்றம் மெதுவாகத்தான் கிளம்பியது. வரவேற்பாளர் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார். பாதிப் படிக்கட்டில் இயக்குநர் கைக்குட்டையோடு நின்றுவிட்டார்.

"எடுக்கச் சொல்லுங்க! யாராவது அதை எடுங்களேன்!"

அது தன் வேலை இல்லை என்றான் வாட்ச்மேன். கூட்டிப் பெருக்குகிற அம்மாள் ஒரு குடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இது மேல பட்டா என் புள்ளைங்களுக்கு யாரு பதில் சொல்றது?" என்று துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்து வைத்தாள்.

வரிசை நகர்ந்தது. இப்போது உள்ளே வந்தவர் அந்தப் பையனின் அப்பா. யாரையும் பார்க்கவில்லை. தோளில் பெரிய குடம். ஒவ்வொரு அடிக்கும் தண்ணீர் தளும்பி, அவர் முதுகெல்லாம் நனைந்து, மஞ்சளாகத் தரையில் சொட்டியது. மற்றவர்கள் வைத்த இடத்தில் அவர் நிற்கவில்லை. படிக்கட்டில் கால் வைத்தார். இயக்குநர் சுவரோடு ஒட்டி வழிவிட்டார். மேலே தாழ்வாரத்தின் கோடியில் ஒலிபரப்பு அறையின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஈரக் காலடிகள் ஒவ்வொன்றாக அதை நோக்கிப் போயின.