வெட்டிக் கழுவிய மீன்

‘தடால்!’

அலுமினியச் சட்டி தரையில் விழுந்து உருண்ட சத்தத்தில் ஜௌபரின் கையிலிருந்த பிளேன்டீ அப்படியே சட்டையில் கொட்டியது. பதறியடித்துக்கொண்டு குசினிக்குள் ஓடினார்.

ஹம்ஸியா இடுப்பில் கைவைத்து நின்றாள். தரையெங்கும் கெண்டை மீன்கள். செதிள் சுரண்டி, குடல் எடுத்து, மஞ்சள் தடவி, பொரிப்பதுதான் பாக்கி.

“இத யாரு வெட்டின?”

“நான்தான்.”

“நீங்க?” அவள் சிரித்த சிரிப்பில் சந்தோஷம் இல்லை. “வெங்காயம் உரிக்கத் தெரியாத ஆளு மீன் வெட்டின! போன போயாவுக்கும் இப்படித்தான் வந்திச்சி. நானும் வாய மூடிட்டு ஈந்தேன்.”

அவள் சொன்னதில் பொய்யில்லை. பதுளை பஜாரில் புடவைக் கடை வைத்திருக்கும் ஜௌபருக்குச் சீட்டித் துணியைக் கோணாமல் கிழிக்கத் தெரியும். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் வீட்டில் ஒரு தேங்காய் உடைத்தவரில்லை.

ஞாயிற்றுக்கிழமையை எடுத்துவிட்டு, பௌத்தர்களின் புனித நாளான போயாவை விடுமுறையாக்கியிருந்த காலம் அது. போயாவுக்குத்தான் கடை பூட்டு. ஆனால், உயிர்க்கொலை ஆகாத அந்த நாளில், வெள்ளை உடுத்திப் பன்சலைக்குக் கும்பிடப் போகிறவர்கள் நிறைந்த வீதியில் தூண்டிலும் கையுமாக நடக்க முடியுமா? ஜௌபரும் கூட்டாளி மொஹிதீனும் தூண்டில் கம்புகளைச் சீட்டித் துணியில் சுற்றி, வியாபாரத்துக்குப் போகிறவர்கள் மாதிரி ஹாலிஎல பஸ் ஏறிவிடுவார்கள். அங்கே தேயிலைத் தோட்டத்தின் அடியில் பதுளை ஓயா வளைந்து ஓடும் இடம்தான் அவர்களுடைய ராஜ்யம்.

மொஹிதீன் மௌத்தாகி மூன்று மாதமாகிறது. அதன் பிறகு ஜௌபர் தனியே போனார். மீன் வெட்டிக் கழுவி வரத் தொடங்கியதும் அதன் பிறகுதான்.

மஞ்சள் தடவியது ஒரு பெண்ணின் கை. ஹம்ஸியாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. யார் அவள்? மொஹிதீனின் மனைவி ஸித்தி ஸுபைதாவின் முகம் ஒரு கணம் வந்து போனது. ‘சீ, அவள் இத்தாவில் இருக்கிறாள். புருஷன் போன துக்கத்தில் வீட்டோடு அடைந்து கிடப்பவள். அந்நிய ஆண் எவனும் அவள் முகத்தைப் பார்க்கவே முடியாதே!’ என்று உடனே அவளைத் தள்ளிவிட்டாள். அப்படியென்றால் ஹாலிஎலயில் எவளோ ஒருத்தி. இன்னொரு நிக்காஹ் செய்ய ஆணுக்குத் தடை ஏது? இன்று மீன் கழுவுகிறவள் நாளை பக்கத்துத் தெருவில் குடித்தனம் வைத்தால்?

அடுத்த போயாவுக்கு ஹம்ஸியா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

“நானும் வாறேன்.”

“அங்க அட்டை கடிக்கும்.”

“அட்டை உப்புப் போட்டா விட்டிடும். சில ஆளுங்கதான் லேசில விடாது.”

ஆற்றங்கரையில் தோட்டத்துத் தொழிலாளி அழகர் சிரட்டை நிறைய மண்புழுவோடு காத்திருந்தார்.

“வாங்க மொதலாளி! அட, இன்னைக்கு அம்மாவுமா? மீனுக்கெல்லாம் வெக்கம் வந்துரப் போவுது!”

ஹம்ஸியா சுற்றி வளைக்கவில்லை. “மத்த நாள்ல இவரோட யாரு வாற?”

“யாருமில்லீங்கம்மா. தனியாத்தான் வருவாரு. கல்லு மேல குந்திக்கிட்டு மீன் செதிள் சொரண்டுறதப் பாத்து எங்க லயத்துப் பொம்பளைங்கதான் சிரிப்பாங்க. மொதல் நாளு வெரல வேற வெட்டிக்கிட்டாரு!”

ஹம்ஸியாவின் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் உருண்டு ஆற்றில் விழுந்தது. ஜௌபர் அவள் கையில் தூண்டிலைக் கொடுத்தார். “அவசரப்பட்டு இழுக்காத. தக்கை முழுசா அமுங்கட்டும்... இப்ப இழு!” கம்பு வில்லாக வளைந்தது. முழங்கை நீள விரால் ஒன்று கரையில் வந்து துள்ளியது. ஹம்ஸியா குமரிப் பெண் போலக் கத்திச் சிரித்தாள்.

வெயில் சாய்ந்ததும் ஜௌபர் கத்தியை எடுத்துக் கல்லில் அமர்ந்தார். செதிள் பறந்தது, குடல் வந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள்தூள் பொட்டலம்கூட வந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த மனிதரையா சந்தேகப்பட்டேன் என்று வெட்கமாக இருந்தது.

பிறகு அவர் சேம்பிலை இரண்டை விரித்து மீனைப் பங்கு வைத்தார். அவள் பிடித்த விரால் அடுத்த இலைக்குப் போனது.

“அது யாருக்கு?”

“மொஹிதீன்ட வீட்டுக்கு. இத்தா ஈக்கிற வீட்டுக்கு யாரு மீன் வாங்கிக் குடுக்கிற? வாசல்ல வெச்சி, கதவத் தட்டிட்டு வந்திடுவேன். முகத்தக்கூட பாக்கிறல்ல.”

“நல்ல காரியம்தான்.” மனமாரச் சொன்னாள். ஆனாலும் ஏதோ ஒன்று உறுத்தியது. “அதுக்கு வெட்டிக் கழுவியா குடுக்கணும்? அவக்குக் கையில்லையா? நான் பன்னிரண்டு வருஷமா வெட்டல்லயா?”

இலையை மடித்து நாரால் கட்டிக்கொண்டிருந்த ஜௌபர், நிமிராமலே சொன்னார்:

“ஸுபைதாவுக்கு மீன் வாடை ஒத்துக்காது ஹம்ஸியா. ஸ்கூல் போற காலத்திலயே அவ அப்படித்தான்.”