கறையென்று எடுத்தது

சீனிப்பிள்ளை அந்தப் படத்தைச் சுனாமியிலிருந்து காப்பாற்றவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு, தன் ஊர் கதிரவெளியின் சேற்றில் அது தானாகக் கிடைத்தது. போரிலிருந்து காப்பாற்றியது அவள்தான். ஷெல் விழ ஓடியபோதும் முகாமில் கிடந்தபோதும் பொலித்தீனில் சுற்றி வைத்திருந்தாள். கடல் கொண்டுபோன மூன்று வயது மகள் கிருசிகாவின் ஒரேயொரு படம். நனைந்து கண்ணாடியோடு ஒட்டிப்போய், பாதி முகம் பழுப்பேறிக் கிடந்தது. சண்டை முடிந்து, கல்வீடும் எழும்பிய பிறகுதான், இனி ஓட வேண்டியிராது, சுவரில் மாட்டலாம் என்ற நம்பிக்கை அவளுக்கு வந்தது. ஐந்தாம் ஆண்டு நினைவுக்கு முன் துப்புரவாக்கிப் பெரிதாக்கித் தரும்படி செங்கலடி ஸ்டூடியோவில் கொடுத்துவிட்டுப் போனாள்.

வாங்கி வைத்தவன் நிலோஜன். வந்தாறுமூலைக் கம்பஸில் படிப்பை நடுவில் விட்டுவிட்டு அங்கே கொம்பியூட்டர் வேலை பார்த்தான். முன்பெல்லாம் ஸ்கேன் பண்ண ஒன்று, கறை எடுக்க ஒன்று, சீடி எழுத ஒன்று என்று தனித்தனிப் புரோகிராம்கள் இருந்தன. ஸ்கேன் பண்ணிய படம் ஒரு பக்கம் தொடப்படாமல் கிடக்கும். அதன் பிரதியில்தான் கை வைப்பான். அந்த மாதம் முதலாளி கோணாமலை கொழும்பிலிருந்து ஒரு சீடி கொண்டுவந்தார். எல்லா வேலையும் அதற்குள்ளேயே இருக்கிறதாம். ஒரே சட்டியில் சோறும் கறியும் வேகும் என்றார். ஒன்று அடிப்பிடித்தால் எல்லாம் அடிப்பிடிக்குமே என்று நிலோஜன் சொல்லிப் பார்த்தான். கம்பஸும் உனக்குச் சரிவரவில்லை, இதுவும் சரிவராதோ என்று அவர் கேட்டார். நிலோஜன் சீடியை வாங்கிக் கொம்பியூட்டரில் போட்டான்.

புதிய புரோகிராம் டிஸ்க்கை நிறைத்துவிட்டது. கொம்பியூட்டர் எழும்புவதற்குள் ஒரு தேத்தண்ணியைக் குடித்து முடிக்கலாம். இடம் போதாமல் பழைய புரோகிராம்களை அழிக்க வேண்டிவந்தது. அழித்தவனும் நிலோஜன்தான்.

கண்ணாடியோடு ஒட்டிய படங்களுக்கு ஸ்டூடியோவில் ஒரு முறை இருந்தது. சுனாமிக்குப் பிறகு செய்து செய்து பழகியது. முதலில் கண்ணாடியோடு ஸ்கேன். பிறகு நனைத்து உரிப்பது. உரியும்போது படம் கிழிந்தாலும் ஸ்கேன் இருக்கும். சீனிப்பிள்ளையின் படத்தையும் அப்படியே ஸ்கேன் பண்ணினான். புதிய புரோகிராமில் எல்லாவற்றையும் சரிசெய்ய ஒரே பொத்தான். அமத்தினான். பழுப்பு போய்விட்டது. கூர்ந்து பார்க்காமல் பின்பக்கம் போய்ப் படத்தை உரித்தான். முகம் கடதாசியோடு வரவில்லை, செதில் செதிலாகக் கண்ணாடியில் தங்கிவிட்டது. ஸ்கேன்தான் இருக்கிறதே என்று கண்ணாடியைக் கழுவி வைத்தான்.

திரும்பி வந்துதான் திரையைக் கூர்ந்து பார்த்தான். பழுப்பேறிய பாதியில் மற்றப் பாதியின் தோலை இழுத்து ஒட்டியிருந்தது. கண்ணூறு படாமல் தாய் வைத்த கறுத்தப் பொட்டு கன்னத்தில் இல்லை. அதையும் கறையென்று எடுத்துவிட்டது. மூலத்தைத் தேடினான். சரிசெய்த படத்தை அதே பெயரில் எழுதிவிட்டு, பழையதைக் குப்பையென்று துடைத்திருந்தது. குப்பை கூட்டுவதும் அந்தப் புரோகிராமின் வேலைகளில் ஒன்று.

எந்தக் கன்னம் என்று அவனுக்கு நினைவில்லை. கையால் வரைய அதில் வழியுமில்லை. இதயம், நட்சத்திரம், பூ, வட்டம் என்று ஆயத்த அச்சுகள்தான். ஒரு கறுத்த வட்டத்தை வலக்கன்னத்தில் வைத்து பிரிண்ட் எடுத்தான். கண்டுபிடிக்க மாட்டாள் என்று நினைத்தான். அப்படி நினைத்தது பிறகு நெடுநாள் அவனை அரித்தது.

சீனிப்பிள்ளை வந்து படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

"வடிவாத்தான் இரிக்கு," என்றாள். பிறகு பொட்டின் மேல் விரலை வைத்தாள். "இது நான் வெச்ச பொட்டில்ல தம்பி. நான் வெச்சா வட்டமா வராது. புள்ள முகத்தத் திருப்பிக்கிட்டே இரிப்பாள். இழுபட்டுத்தான் கிடக்கும்."

கொம்பியூட்டர் கறையென்று எடுத்துவிட்டது என்றான்.

"அது தானாவா எடுத்த?"

கோணாமலை மேசையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். ஓம் என்று சொல்லிவிடலாம். அது முழுப் பொய்யுமில்லை.

"இல்ல அக்கா. நான்தான் அமத்தினன். சரியா வந்திருக்கா எண்டு பாக்காம உரிச்சும் போட்டன். உங்கட படம் இப்ப இல்ல."

உரித்த கடதாசியை அவள் கேட்டு வாங்கினாள். முகம் இருந்த இடத்தில் வெள்ளை. அவள் ஏசியிருந்தால் அவன் தாங்கியிருப்பான். ஏசவில்லை. அந்த வட்டத்தை எடுக்க முடியுமா என்று மட்டும் கேட்டாள். முடியும் என்றான்.

"எடுங்க. இனி ஆருட கண்ணூறு படப்போகுது."

அதே பொத்தானை அமத்தினான். ஒரு நொடியில் கன்னம் வெறுமையானது. அந்த வேலையை அது பிழையில்லாமல் செய்தது. அவள் வாங்குப் பலகையில் உட்கார்ந்து பிரிண்டுக்குக் காத்திருந்தாள். மாலை போடுவதற்கு ஏதாவது ஒரு படம் வேண்டுமே. நிலோஜன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.